செமித்திய மொழிகளும் அயற்சொற்களும்

அரபு, எபிரேயம், அரமேயம், அக்காதியம் முதலியன செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விவிலியத்தில் வரும் நோவாவின் மைந்தன் சேம் என்பான் பெயரையொட்டி, ஜேர்மனிய அறிஞர் ஷ்லோசர் 1781ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார். பெயர் மரபுக்கதையிற் பிறந்ததாயினும் அது குறிக்கும் உறவு உண்மையானதே. பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேர்களே அதற்குச் சான்று. நலம், அமைதி எனப் பொருள்படுஞ் சொல் எபிரேயத்தில் ‘ஷாலோம்’ எனவும், அரபில் ‘சலாம்’ எனவும், அக்காதியத்தில் ‘ஷுல்மு’ எனவும் நிற்றல் காண்க.

இவற்றுள் மிகப் பழைய எழுத்துச்சான்று உடையது அக்காதியம். அதனைப் பேசியோர் மெசொப்பொத்தேமியாவிற் சுமேரியரோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்தனர். சுமேரியம் செமித்திய இனத்ததன்று; எனினும் அக்காதியர் ஆப்பெழுத்தைச் சுமேரியரிடமிருந்தே பெற்றனர். தொன்மையான அரபிலும் எபிரேயத்திலும் வினை பெரும்பாலும் முன்னிற்க, அக்காதியத்தில் அது வாக்கியத்தின் இறுதிக்குச் சென்றது. மிடற்றொலிகள் பல மறைந்தன. இவை சுமேரியத்தின் தாக்கத்தால் நிகழ்ந்தன என்பர். இத்துணை மாறியும் அதன் வேர்களும் வினைத்திரிபும் செமித்தியமாகவே நின்றன. ஆகவே, எழுத்தும் சில சொற்களும் ஒத்தல் கண்டு மொழியின் இனத்தைத் துணிதல் பெரும் பிழையாம்.

கடன்சொற்கள் காட்டுவது பிறப்பையன்று, பழக்கத்தை. சுமேரியத்தில் ‘ஏ-கல்’ என்றால் பெரிய வீடு. அது அக்காதியத்தில் ‘ஏகல்லு’ என்னும் அரண்மனையாயிற்று. எபிரேயத்தில் ‘ஹேகால்’ என எருசலேம் ஆலயத்துக்கும் வழங்கிற்று. அரபில் ‘ஹைகல்’ என இன்றும் உளது.

சொல்லோடு வழக்கமும் சென்றது. கி. மு. ஆறாம் நூற்றாண்டிற் பபிலோனியாவுக்குச் சிறைப்பட்டுச் சென்ற யூதர், ஆபீப், சீவ் முதலிய தம் பழைய மாதப் பெயர்களை விட்டுப் பபிலோனியப் பெயர்களைக் கைக்கொண்டனர். அவற்றுள் ஒன்று தம்மூஸ். சுமேரியர் ஆண்டுதோறும் இறந்தானெனப் புலம்பிய ஆயர்தெய்வம் துமுசியின் பெயரே அது. எருசலேம் ஆலய வாயிலில் தம்மூசுக்காக அழுத பெண்டிரை எசேக்கியேல் ஆகமம் கடிந்துரைக்கின்றது. கண்டிக்கப்பட்ட அத்தெய்வத்தின் பெயர் யூத நாட்காட்டியில் நிலைபெற்றது வியப்பே. ஈராக்கிலும் சிரியாவிலும் அரபு பேசுவோர் யூலை மாதத்தை இன்றும் ‘தம்மூஸ்’ என்கின்றனர்.

பின்னர்ப் பாரசீகராட்சியிற் சட்டத்தைக் குறிக்கும் ‘தாத்’ என்னுஞ் சொல்லும், கிரேக்கர் தொடர்பால் நீதிமன்றத்தைக் குறிக்கும் ‘சன்ஹெத்ரின்’ என்பதும் எபிரேயத்திற் புகுந்தன. சாலொமோன் மன்னனின் கப்பல்கள் கொணர்ந்த ‘துக்கி’ தமிழ்த் ‘தோகை’யே என்றார் கால்டுவெல். அது மயிலன்று, குரங்கினம் என்பாரும் உளர்.