கல்லும் கள்ளியும் சுவரும்

தாராவியில் வாழும் நமக்கு வேலி என்னும் சொல்லே ஏறத்தாழ மறந்துபோயிற்று. திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிடும் தொழிலுக்கென நம் முன்னோர் இங்கு வந்தபோது அச்சொல்லும் உடன் வந்திருக்கும். ஆனால் வேலி நட இடம் ஏது? இரு குடும்பங்களுக்கு நடுவே நிற்பது ஒரே தடுப்பு. வழக்கு முளைப்பதும் அதனடியில்தான். தகரத்தை எடுத்துவிட்டு ஒருவர் செங்கற்சுவர் வைக்க முற்படுகிறார். தகரத்திற்குக் கனமே இல்லை; செங்கலுக்கோ நான்கரை அங்குலமேனும் வேண்டும். அந்த நான்கரை அங்குலம் யாருடைய நிலம்?

எல்லையை யார் வரையறுப்பது என்பது பழைய வினாவேயாகும். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய வேந்தர் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். பின்னர் இராசேந்திரன் காலத்தில் அது செப்பேட்டில் ஏறியது. லெய்டன் பெருஞ்செப்பேடு என வழங்கும் அதைக் காணுங்கால் நம்மை வியக்கவைப்பது ஒன்றுண்டு. வேந்தன் ஆணையிட்டதனால் மட்டும் எல்லை அமைந்துவிடவில்லை. பெண்யானை ஒன்றை எல்லை நெடுகச் சுற்றி நடத்தினர். அண்டை ஊரார் உடன் நடந்தனர். கல்லும் கள்ளியும் நாட்டினர். அதன் பின்னரே அறவோலை எழுதப்பட்டது. கொடுத்தவன் பேரரசன், ஆயினும் கையெழுத்திட்டு ஒப்பவேண்டியவர் பக்கத்து ஊராரே!

நமக்கு யானையுமில்லை, செப்பேடுமில்லை. 1976 ஜனவரி 4 அன்று மாநில அரசு பம்பாயின் குடிசைகளைக் கணக்கெடுத்தது; பின்னர் போட்டோ பாஸ் வழங்கிற்று. டிரங்குப் பெட்டியின் அடியில், சேலை மடிப்புக்குள் அதைக் காத்துவைத்த தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்! எனினும் அது குடியிருப்புக்குச் சான்றேயன்றி நிலவுடைமைக்குச் சான்றன்று. சுவரின் கனத்தைப் பற்றி அது வாய் திறவாது.

ஆகவே கல்லியில் (கள்ளியன்று, சந்துக்கு இந்நகர் வழங்கும் பெயர்) நாற்காலி போட்டு மூத்தோரை அமர்த்துகிறோம். குரல்கள் உயரும், பழைய கணக்குகளும் வெளிவரும். ஒருநாளில் முடிவதுமில்லை. இறுதியில் எட்டப்படும் முடிவு பெரும்பாலும் ஒன்றே: சுவர் இருவர்க்கும் பொது, செலவு பாதி பாதி, இரு பக்கத்தாரும் அதன்மேல் உத்திரம் ஏற்றலாம், ஒருவர் கூரைநீர் மற்றவர் வாசலில் விழலாகாது.

மறுநாள் காலை மேஸ்திரி நூல் பிடிக்கிறார். நூலின் இரு முனைகளையும் இரு வீட்டாரும் பற்றி நிற்க, அக்கம்பக்கத்தார் வாசல்களில் நின்று பார்க்கின்றனர். முதல் வரிசைக் கல் அமைந்த பின்னரே அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குச் செல்வர்.