செய்முறைப் பகுதியும் சான்றும்

அறிவியற் கட்டுரையின் உறுப்புகளுள் செய்முறைப் பகுதியே கற்போர் பெரிதும் விரும்பாதது. ஆயினும், கட்டுரை நம்பத்தக்கதாவது அப்பகுதியாலேயே என்பதை வரலாறு காட்டும்.

1660ஆம் ஆண்டில் இராபர்ட்டு பாயில், காற்றின் மீள்திறம் பற்றிய தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். இராபர்ட்டு ஹூக் துணையுடன் அமைந்த, காற்றகற்றும் பொறியின் உறுப்புகளைப் படத்துடன் விளக்கினார். எண்ணியவாறு முடியாத சோதனைகளையும் மறையாது கூறினார். அப்பொறியோ அரியது, செலவு மிக்கது. அதனை நேரிற் கண்டார் மிகச் சிலரே. ஆதலின், காணாதாரையும் கண்டாராக்கும் கடமை எழுத்தின்மேல் விழுந்தது. உரை நீண்டமைக்குக் காரணம் இதுவேயாம்.

பிற்காலத்தே இப்பகுதி சுருங்கித் தனித்தலைப்புப் பெற்றது. ‘செய்தோம்’ என்னும் வினை பெரும்பாலும் ‘செய்யப்பட்டது’ எனத் திரிந்தது; எழுவாய் மறைந்தது. எழுவாய் மறையலாம், அளவும் வெப்பமும் காலமும் மறைதல் ஆகாது. பிறர் படித்து மீண்டும் செய்ய இயலாத உரை வெறுங்கூற்றேயன்றிச் சான்றாகாது.