இனக்குழு, மரபுரிமம், நான்கு அட்டைகள்

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 'கிளாஸ்' என்பது இனக்குழு. 'இன்ஹெரிட்டன்ஸ்' என்பது மரபுரிமம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தமிழ்வழியில் படித்து, பாரதி மகளிர் கல்லூரி போன்ற இடங்களுக்கு வரும் மாணவி இந்தச் சொற்களோடுதான் பொருள்நோக்கு வடிவமைப்புக்குள் நுழைகிறாள். இரண்டுமே நமக்கு வெறும் கலைச்சொற்கள் அல்ல. குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு தரும் திருத்தம் இங்கே 1989 மார்ச் 25 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டு அறுபது ஆண்டு கழித்து! அதிலும் அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களுக்கு அந்தத் திருத்தம் பங்கு தரவில்லை.

கணினியின் மரபுரிமம் ஆஸ்லோவில் பிறந்தது. கிறிஸ்டன் நிகார்டும் ஓலே-யோகான் தாலும் உருவாக்கிய சிமுலா 67 அதன் தாய்மொழி. நிகார்ட் பிறகு நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, ஆலைக்குள் வரும் கணினியைத் தொழிலாளர்கள் எப்படி எதிர்கொள்வது என்று ஆராய்ந்தார். தொழிற்சங்க மண்ணான வடசென்னையில் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

மரபுரிமத்துக்கு நிபந்தனை போட்டவர் ஒரு பெண். பெற்றோர் வகை கொடுத்த வாக்கைப் பிள்ளை வகையும் காப்பாற்ற வேண்டும், பெயரை மட்டும் வாங்கிக்கொண்டால் போதாது என்ற கருத்தை பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்தார். 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

1989இல், நம் சட்டம் மாறிய அதே ஆண்டில், கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் கற்பித்தலுக்கென ஒரு அட்டை முறையை வெளியிட்டார்கள். அட்டைக்கு ஒரு வகை: பெயர், பொறுப்புகள், கூட்டாளிகள். அதே மாநாட்டில் ரெபெக்கா வெர்ஃப்ஸ்-பிராக், பிரையன் வில்கர்சனோடு சேர்ந்து, வடிவமைப்பைப் பொறுப்பிலிருந்து தொடங்கச் சொன்னார். யாருக்குப் பிறந்தது என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை செய்கிறது, யார் துணையோடு செய்கிறது என்று கேட்கும் முறை இது.

காசிமேட்டை இப்படி வரைந்து பாருங்கள். மரபிலிருந்து தொடங்கினால் மனிதர், அதன்கீழ் தொழிலாளர், அதன்கீழ் மீனவர்; பெண் 'மீனவர் மனைவி' என்று ஓரத்தில் நிற்பாள். பொறுப்பிலிருந்து தொடங்கினால் நான்கு அட்டைகளாவது வேண்டும்: படகு, ஏலம், வியாபாரி, வாடிக்கையாளர். ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையில் தெருத்தெருவாகக் கொண்டுபோய், மிஞ்சியதைக் கருவாடாக்கி, கடன் சொன்னவர்களின் கணக்கை மனதில் வைத்து வசூலிப்பவளின் அட்டையில்தான் எழுத இடம் போதாது.

'தந்தை/கணவர் பெயர்' என்ற கட்டம் நம் படிவங்களில் தானாக முளைக்கவில்லை. யாரோ ஒருவர் அதைக் கட்டாயப் பண்பாக வடிவமைத்திருக்கிறார். முதல் வகுப்பில் மாணவிகளிடம் வெற்று அட்டைகளோடு அந்தப் படிவத்தையும் கொடுக்கலாம்.