திரி வெட்டிய கைகள்

கோடை விடுமுறை வகுப்புகளில் குழந்தைகள் மெழுகுவர்த்தி செய்கிறார்கள். மெழுகை உருக்கி, வண்ணம் கலந்து, அச்சில் ஊற்றுகிறார்கள். இன்று இது பொழுதுபோக்குக் கைவேலை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் குழந்தைகளுக்கு இது பிழைப்பாக இருந்தது. அந்த உழைப்பில் யாருடையது வரலாற்றில் ஏறியது என்பதை அறிய, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த ஒரு வீட்டைப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் சாயத்தொழில் செய்த ஜோசையா பிராங்க்ளின் 1683இல் பாஸ்டனில் குடியேறினார். அங்கே அந்தத் தொழில் சோறு போடவில்லை. விலங்குக் கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றார். திரிகளை அளவாக வெட்டிக் கோலில் தொங்கவிட்டு, கொழுப்பில் முக்கி ஆறவிட வேண்டும். பருமன் கூடும்வரை திரும்பத் திரும்ப முக்க வேண்டும். வீடெல்லாம் கொழுப்பு நாற்றம்.

1706இல் பிறந்த கடைசி மகன் பெஞ்சமின் பத்து வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு இந்த வேலைக்கு வந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. தந்தை அவரைத் தச்சர், கொத்தனார், கன்னார் பட்டறைகளுக்கு அழைத்துப்போய் வேறு தொழில்களைக் காட்டினார். பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் சேர்ந்த பெஞ்சமின், பதினேழாம் வயதில் ஊரைவிட்டே ஓடிப்போனார். திரி வெட்டியதையும் அச்சில் கொழுப்பு ஊற்றியதையும் தன்வரலாற்றில் எழுதினார். ஏழைச் சிறுவன் மேதையாக உயர்ந்த கதைக்கு அது தொடக்கமாக அமைந்தது.

அந்த வீட்டின் கடைக்குட்டி ஜேன், 1712இல் பிறந்தார். பாஸ்டனின் பொதுப்பள்ளிகள் அன்று சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜேனுக்குப் பட்டறைகளைச் சுற்றிக்காட்டவும் யாருமில்லை. பதினைந்து வயதில், சேணம் செய்யும் எட்வர்ட் மீக்கமை மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு மகளைத் தவிர மற்றவர்களை இழந்தார். குடும்பத்தின் சோப்புச் செய்முறை அவர் கையில் தங்கியது. பிரான்ஸில் தூதராக இருந்த அண்ணன் கேட்டபோது, முதுமையிலும் அந்தச் சோப்பைச் செய்து அனுப்பினார்.

அண்ணனும் தங்கையும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். ஆனாலும் பெஞ்சமினின் தன்வரலாற்றில் ஜேன் இல்லை. தாய் அபையா பத்துப் பிள்ளைகளுக்கும் பாலூட்டியது அதில் இருக்கிறது; கடைக்கு அவர் உழைத்தது இல்லை.

ஜேன் தன்வரலாறு எழுதவில்லை. சில தாள்களைத் தைத்துச் சிறு ஏடாக்கி, பிள்ளைகளின் பிறப்பையும் இறப்பையும் குறித்து வைத்தார். ‘வயதுகளின் புத்தகம்’ என்று பெயரிட்டார். அதே பெயரில் வரலாற்றாசிரியர் ஜில் லெப்போர் 2013இல் அவர் வாழ்க்கையை நூலாக்கினார்.

அச்சகத்தில் சேர்ந்தபின் இரவல் புத்தகங்களை இரவெல்லாம் கண்விழித்துப் படித்ததாகப் பெஞ்சமின் எழுதுகிறார். அந்த இரவுகளுக்கு வெளிச்சம் செய்து கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.