பீதர் நகரின் நிலத்தடிக் கால்வாய்

பள்ளத்தில் ஏரி வெட்டினால் நீர் தங்கும். மேட்டு நிலத்தில் ஊர் அமைத்தோர் நீருக்கு என் செய்வர்? இவ்வினாவுக்குப் பாரசீக நாட்டார் கண்ட விடை, 'கனாத்' அல்லது 'கரேஸ்' எனப்படும் நிலத்தடிக் கால்வாய்.

மலையடிவாரத்தில் நீர் காணும் வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுவர். அந்நீர்மட்டத்தை எட்டும்படி, தாழ்ந்த வெளியிலிருந்து சிறு சரிவோடு சுரங்கம் குடைவர். இடையிடையே செங்குத்தான குழிகள் இருக்கும். வெட்டிய மண் மேலேறவும், உள்ளே உழைப்போர்க்குக் காற்று இறங்கவும் அவையே வழி. ஏற்றமும் கவலையும் வேண்டா. நீர் தானே நடந்து வரும்.

இக்கலையை நூலாக்கியோருள் தலையாயவர் அல்-கரஜி. பாக்தாத் நகரில் கணித மேதையாக விளங்கிய இவர், 1017ஆம் ஆண்டை ஒட்டி, மறைந்த நீரை வெளிக்கொணரும் முறை பற்றி அரபு மொழியில் ஒரு நூல் இயற்றினார். செடிகொடிகளையும் மண்ணையும் கொண்டு நீரிருக்கும் இடம் அறிதல், சரிவை அளக்கும் கருவிகள் முதலியவற்றை அதில் விளக்கினார். ஒருவர் கால்வாயருகே மற்றொருவர் எவ்வளவு தொலைவுக்குள் தோண்டலாகாது என்னும் நீதியையும் ஆராய்ந்தார். நம் நாட்டிலும் ஆறாம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர், மரங்களையும் புற்றுகளையும் கொண்டு நிலத்தடி நீரை அறியும் முறைகளைப் பிருகத் சம்ஹிதையில் தொகுத்துள்ளார்.

பாரசீகரின் இக்கலை தக்காணத்திற்கும் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் பாமனி மன்னர் முதலாம் அகமது ஷா, தம் தலைநகரைக் குல்பர்காவிலிருந்து பீதருக்கு மாற்றினார். பாரசீக அறிஞர் பலர் அவரை நாடி வந்தனர். 1956இல் மைசூர் மாநிலத்தோடு இணைந்த பீதர், இன்று கர்நாடகத்தின் வடகோடி மாவட்டம். அங்கே மேலே செம்புறாங்கல். அதன் கீழே கரும்பாறை. மழைநீர் மேற்கல்லில் ஊறி இறங்கி, கீழ்ப்பாறையில் தடைபட்டு, இரண்டும் சேருமிடத்தில் தங்கும். மலையடி நீரை நாடிய பாரசீகக் கலை, இங்கே இந்தப் பாறைச் சந்தியை நாடிற்று. பாமனியர் காலத்துப் பணியெனக் கருதப்படும் நௌபாத் கரேஸ், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. பிறர் அறிவைப் பெற்றும், நம் மண்ணைப் படித்தும் செய்த வேலை இது.

காலப்போக்கில் குழிகள் குப்பையாலும் மண்ணாலும் தூர்ந்தன. சில இடங்களில் அவற்றின்மேல் கட்டடங்களும் எழுந்தன. அண்மை ஆண்டுகளில் தூர் வாரியபோது சுரங்கத்தில் மீண்டும் நீர் காணப்பட்டது. ஆயினும் ஒருவர் தம் மனையிலுள்ள குழியை மூடினால் கால்வாய் முழுதும் நலியும். அருகே ஆழ்துளைக் கிணறு இட்டால் ஊற்று வறளும். ஆயிரம் ஆண்டுகட்கு முன் அல்-கரஜி ஆராய்ந்த தொலைவு நீதி, நமக்கும் இன்று வேண்டியதே அன்றோ?