கோடு புள்ளியான சரித்திரம்

யந்திரங்களுக்கு விளக்க நூல் தயாரிப்போர் கையாளும் சித்திரங்கள் இரு வகைப்பட்டவை. இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடத்தில் முடியும் நேர்கோடு, இன்ன மையமும் இன்ன ஆரமும் உடைய வட்டம் என்று கணித ரூபத்தில் சொல்லப்பட்டது வெக்டர் சித்திரம். கட்டம் கட்டமாகப் பிரித்த பரப்பில் எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று குறித்து வைக்கப்பட்டது ராஸ்டர் சித்திரம். முன்னதை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அதன் கூர்மை குன்றுவதில்லை. ஆயினும் நாம் பார்க்கும் திரைக்கும், பக்கம் அச்சிடும் லேசர் யந்திரத்துக்கும் தெரிந்த பாஷை பின்னது ஒன்றே. ஆகையால் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலை இத்தொழிலில் தவிர்க்க முடியாததாயிற்று. முழு எண்ணுக்குள் அடங்காத ஒரு கோட்டை முழுக் கட்டங்களுக்குள் அடக்க முற்படும்போது, எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு புள்ளியிலும் எழுகிறது. அதற்கு நியாயமான விடை காண்பதில் சிறந்த அறிவாளிகள் பலர் தம் உழைப்பைச் செலவிட்டிருக்கிறார்கள் என்பதனாலேயே இச்சரித்திரம் என் மனத்தைக் கவர்கிறது.

1962-ஆம் வருஷத்தில், கலிபோர்னியா மாகாணத்துச் சான் ஹோசேயிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில், ஜாக் பிரெசன்ஹாம் என்பவர் 1401 என்ற கணினியோடு இணைக்கப்பட்ட கால்காம்ப் வரைபொறி ஒன்றை இயக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். அதன் எழுதுகோலால் 8 திசைகளில் மட்டுமே, அடியடியாக நகர முடியும்; வேறு எந்தச் சாய்வுடைய கோட்டையும் அவ்வடிகளைக் கோத்தே அமைத்தாக வேண்டும். ஒவ்வோர் அடியிலும் கோட்டின் உண்மையான உயரத்தைப் பின்னமாகக் கணக்கிட்டுத் திருத்துவது நேர் வழிதான் என்றாலும், பெருக்கலும் வகுத்தலும் அக்காலத்துக் கணினிகளின் நேரத்தை விழுங்கும் காரியங்களாயிருந்தன. பிரெசன்ஹாம் கண்ட முறையில் இவ்விரண்டுமே அடிதோறும் வேண்டியதில்லை. 7 கட்டம் வலப்புறமும் 3 கட்டம் மேலும் செல்லும் கோடொன்றை எடுத்துக்கொள்வோம். 3-இன் இரட்டிப்பிலிருந்து 7-ஐக் கழித்தால் வருவது -1. கையிலுள்ள எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் எழுதுகோல் நேரே நகர வேண்டும், எண்ணோடு 6 கூட்ட வேண்டும். இல்லையேல் சாய்வாக மேலேறி நகர வேண்டும், எண்ணிலிருந்து 8 கழிக்க வேண்டும். விதி அவ்வளவே. -1, 5, -3, 3, -5, 1, -7 என்று எண் மாறிக்கொண்டே போக, கோல் நேராகவும் சாய்வாகவும் மாறி மாறி நடந்து, ஏழாவது அடியில் பிசகின்றி இலக்கை அடைகிறது. இடையில் எந்த இடத்திலும் அது மெய்யான கோட்டிலிருந்து அரைக் கட்டத்துக்கு மேல் விலகுவதில்லை. கணினிச் சித்திரக் கலை முழுவதிலும் இதைவிடச் சிக்கனமும் சௌந்தரியமும் பொருந்திய கணக்கு வேறில்லை என்பது என் துணிபு. 1965-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான இம்முறை, வரைபொறிக்கென்று பிறந்ததாயினும், பிற்காலத்தில் புள்ளித் திரைகளுக்கே பெரிதும் பயன்பட்டது.

ஆனால் புள்ளித் திரைகள் உடனே வந்துவிடவில்லை. 1964-இல் வெளிவந்த ஐ.பி.எம். 2250 போன்ற சாதனங்களில் மின்னணுக் கற்றையே கோட்டின் வழியே ஓடி அதை வரைந்தது; பரப்பு முழுவதையும் புள்ளிகளாகச் சேமித்து வைப்பதற்கு வேண்டிய நினைவகத்தின் விலை அப்போது எட்டாத உயரத்தில் இருந்தது. அது மலிவடையத் தொடங்கிய பிறகே, 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவான ஆல்டோ கணினி, ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவில் ஓரிடம் ஒதுக்கியது. அதே ஆய்வகத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் ஒளியைக் கொண்டு அச்சிடும் யந்திரத்தை அதற்கு முன்பே செய்து காட்டியிருந்தார். சாய்ந்த கோடுகள் திரையில் படிக்கட்டுப் போலத் தோன்றும் குறையை விரிவாக ஆராய்ந்து, ஓரத்துப் புள்ளிகளுக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களைக் கொடுக்கும் பரிகாரத்தை விளக்கி, ஃபிராங்க் குரோ 1977-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

ஜெராக்ஸை விட்டு வெளியேறிய ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982-இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கி, பக்கத்தின் உருவத்தை வெக்டர் வடிவில் சொல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பாஷையை இயற்றினார்கள். அதைப் புள்ளிகளாக மாற்றும் பாரத்தை அச்சு யந்திரமே சுமக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. 1985-இல் ஆப்பிள் நிறுவனம் 6,995 டாலர் விலையில் கொண்டுவந்த லேசர்ரைட்டர் அவ்வாறு சுமந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், எட்டரைக்குப் பதினோரங்குலக் காகிதம் ஒன்றுக்கு 84 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். அதாவது ஏறக்குறைய 1 மெகாபைட். யந்திரத்திலிருந்த நினைவகமோ ஒன்றரை மெகாபைட்தான். நினைவகத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு பக்கமே அடைத்துக்கொள்ள, மிஞ்சிய இடத்தில்தான் மற்றக் காரியங்களெல்லாம் நடந்தேற வேண்டியிருந்தது.

இதிலும் கடினமான சோதனை எழுத்துக்களில் வந்தது. ஆங்கிலத்தின் ‘எம்’ என்ற சிற்றெழுத்துக்கு மூன்று கால்கள் உண்டு. அச்செழுத்தைப் 10 பாயிண்ட் அளவில் அச்சிடும்போது ஒரு காலின் அகலம் மூன்றே கால் புள்ளி என்று கணக்கு வந்தால், கட்டங்களில் அது விழும் இடத்தைப் பொறுத்து ஒரு கால் 3 புள்ளியாகவும் அடுத்தது 4 புள்ளியாகவும் அமைந்து, ஒரே எழுத்தின் கால்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். இக்கால்கள் சம அகலமுடையனவாக இருத்தல் வேண்டும் என்ற குறிப்பை எழுத்தின் வடிவத்தோடு சேர்த்தே எழுதி வைத்து, அடோபி இதற்குப் பரிகாரம் தேடியது. மெய்யான வடிவத்திலிருந்து சற்றே விலகினால்தான் கண்ணுக்கு மெய்யாகத் தோன்றும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

தொழில்நுட்ப நூல்களின் உலகத்துக்கு ஒழுங்கு விதித்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. 1985-இல் அது தொடங்கிய கால்ஸ் திட்டத்தில் விளக்கச் சித்திரங்களுக்குச் சி.ஜி.எம். என்ற வெக்டர் முறையும், பழைய வரைபடங்களை வருடி எடுத்த பிரதிகளுக்குத் தொலைநகலின் குரூப் 4 என்ற ராஸ்டர் முறையும் விதிக்கப்பட்டன. இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டென்று ஏற்றுக்கொண்ட அந்த ஏற்பாடு விவேகமானது. பின்னர் இணையம் பரவியபோது இவ்விவேகம் பல இடங்களில் கைவிடப்பட்டது. உலாவிகள் காட்டக்கூடிய சித்திரமெல்லாம் ராஸ்டராகவே இருந்தபடியால், கோட்டுச் சித்திரங்களையெல்லாம் திரையின் அளவுக்குச் சுருக்கிப் புள்ளிகளாக்கினார்கள். அவற்றை ஜே.பெக் முறையில் சேமித்தவர்கள் பெருந்தவறு செய்தார்கள். புகைப்படத்துக்கென வகுக்கப்பட்ட அம்முறை, பரப்பை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து நுட்பமான விவரங்களை உதறுவதால், கறுப்புக் கோட்டின் இருமருங்கிலும் அழுக்குப் படிந்தாற்போன்ற கறைகள் தோன்றி, நுண்ணிய அளவு எண்களில் 3 எது, 8 எது என்ற ஐயம் எழும். விமானத்தைப் பழுது பார்ப்பவன் கையில் இருக்கும் நூலில் இத்தகைய ஐயம் வரலாகாது. ஒரு புள்ளியையும் இழக்காத பி.என்.ஜி. முறை 1996-இல் அங்கீகாரம் பெற்று இக்கேட்டைத் தணித்தது.

கோட்டைக் கோடாகவே இணையத்தில் அனுப்பும் எஸ்.வி.ஜி. முறை 2001-இல் வகுக்கப்பட்டும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி தானாகவே அதைக் காட்டுவதற்கு 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைக்காலத்தில் புள்ளிகளாக்கப்பட்ட சித்திரங்களுள் மூல வெக்டர் கோப்பைப் பத்திரப்படுத்தி வைத்தவர்களுடையவை இன்றைய நுண்திரைகளுக்கேற்பச் சில நிமிஷங்களில் மறுபடி தயாராகின்றன. மூலத்தைத் தொலைத்தவர்களோ, மங்கிய புள்ளிகளின்மேல் மீண்டும் கோடு இழுத்து, ஒவ்வோர் அளவையும் யந்திரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க, வரைவாளர் ஒருவரை அமர்த்த வேண்டியிருக்கிறது.