கொல்லைப்புறச் செடியும் ஆப்காரி வரியும்

ராயபுரத்திலோ எண்ணூரிலோ இன்றைக்கு ஒருவர் மொட்டைமாடித் தொட்டியில் கஞ்சாச் செடி வளர்த்தால் அது குற்றம். ஆனால் இதே செடிக்கு அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து, கிடங்கில் பூட்டி வைத்து, வரி வசூலித்த காலம் ஒன்று இருந்தது. கஞ்சா என்றதும் போலீஸ் மட்டுமே நினைவுக்கு வருபவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

1893-ல் லண்டன் பாராளுமன்றத்தில் கஞ்சா பற்றிக் கேள்வி எழுந்தது. கஞ்சா குடிப்பவர்களால்தான் இந்தியப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் நிரம்புகின்றன என்பது குற்றச்சாட்டு. உடனே மாக்வொர்த் யங் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். ஏழு உறுப்பினர்களில் மூன்று பேர் இந்தியர்கள். 1,193 சாட்சிகளிடம் விசாரித்தார்கள். சுவாரஸ்யமான இடம் ஆஸ்பத்திரிப் பதிவேடுகள்தான். நோயாளிகளின் பெயருக்கு எதிரே 'காரணம்: கஞ்சா' என்று எழுதியிருந்தது. எப்படித் தெரியும் என்று தோண்டிப் பார்த்தால், பல இடங்களில் விசாரணையே கிடையாது! வேறு காரணம் தெரியாததால் எழுதி வைத்த காரணம் அது.

அளவோடு பயன்படுத்தினால் பெரிய கேடில்லை, அளவு மீறினால் கேடு, முழுத்தடை தேவையில்லை என்று 1894-ல் அறிக்கை வந்தது. அதோடு ஒரு யோசனையும் சொன்னார்கள்: பயிரிடும் இடங்களைச் சுருக்கு, லைசென்ஸ் கொடு, வரியைக் கூட்டு. சென்னை மாகாணத்தில் ஜவ்வாது மலையும் பாபட்லா பக்கமும் கஞ்சா விளைந்த இடங்கள். மற்ற ஊர்களில் வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு செடி நிற்கும். கலால் இலாகாவுக்கு இந்தக் கொல்லைச் செடிதான் தலைவலி. தோட்டத்து விளைச்சலை எடை போட்டு வரி வாங்கலாம், கிணற்றடியில் நிற்கும் செடிக்கு யார் போய் வாங்குவது? ஆக, வீட்டுச் செடி முதலில் ஆகாமல் போனது ஒழுக்கத்தால் அல்ல, கணக்கால் என்றுதான் தோன்றுகிறது.

இதற்கு முன்பே இந்தப் பழக்கம் கடல் கடந்துவிட்டது. 1860-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து கூலித் தொழிலாளர்களை நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது, மசூலா படகில் அலை தாண்டித்தான் கப்பல் ஏற வேண்டும். பத்தே வருடத்தில், 1870-ல், கூலிகள் கஞ்சா புகைப்பதையும் வைத்திருப்பதையும் நேட்டால் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வேலை நேரம் முக்கியம்! ஜமைக்காவில் இன்றும் வழங்கும் 'கஞ்சா' என்ற சொல்லும் இந்தியக் கூலிகள் கொண்டுபோனதே.

1961-ல் ஐ.நா. ஒப்பந்தம், 1985-ல் இந்தியாவின் போதைப்பொருள் சட்டம். ஆப்காரிக் காலம் முடிந்தது. ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் பூ இல்லாத வெறும் இலை மட்டும் தப்பித்தது. வடநாட்டில் பாங்கு விற்க முடிவது அதனால்தான்.

இப்போது 'ஆட்டோஃபிளவர்' என்று ஒரு ரகம் உலகமெங்கும் பேசப்படுகிறது. பகல் நீளத்தைப் பார்க்காமல் வயது வந்ததும் தானே பூக்கும் குட்டைச் செடி. 1924-ல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி பெயரிட்ட 'ருடராலிஸ்' வகையோடு கலந்து உண்டாக்கியது. இந்தியச் சட்டத்துக்கு ரகம், உயரம் எதுவும் பொருட்டல்ல. 20-வது பிரிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு கிலோ வரை காய்ந்த கஞ்சா வைத்திருப்பவருக்கு அதிகபட்சம் ஒரு வருடம் சிறை, பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டும். தொட்டியில் ஒரே ஒரு செடி வளர்த்தவருக்குப் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம்.